எத்தனை வருஷம் வரும்?

கையில் ஒரு கணினி – 9

சென்ற வாரம் ரேம், ஸ்டோரேஜ், கேமரா, திரை என்று போன் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் விவரங்களைப் பார்த்தோம். இந்த வாரம், பெட்டியின் மேல் போடாத ஒன்று. போன் வாங்கக் கடைக்குள் நுழையும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறோம். போனுக்கும் அப்படி ஒரு தேதி இருக்கிறது. அதைத் தயாரித்த நிறுவனம் செக்யூரிட்டி அப்டேட் அனுப்புவதை நிறுத்தும் நாள் அது. அந்த நாளுக்குப் பிறகும் போன் ஓடும். பேசலாம், படம் பார்க்கலாம். ஆனால் வங்கிக் கணக்கையும் யுபிஐயையும் நம்பி அதில் வைத்திருப்பது மாதத்துக்கு மாதம் ஆபத்தாகிக்கொண்டே போகும்.

ஓட்டையை அடைக்கும் வேலை

அப்டேட்டில் இரண்டு வகை உண்டு. ஆண்ட்ராய்டு 14 இருந்த போனில் ஆண்ட்ராய்டு 15 வருவது ஒரு வகை. புது வசதிகளும் புதுத் தோற்றமும் கிடைக்கும். அது வராவிட்டால் உடனே பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இன்னொன்று செக்யூரிட்டி அப்டேட். போனை இயக்கும் மென்பொருளில் பிழைகள் இருந்துகொண்டேதான் இருக்கும். அவற்றில் சில, வெளியாள் உள்ளே நுழைய வழிவிடும். அந்த வழியை அடைப்பதற்காக வருவது இது.

இதன் அருமை உலகத்துக்குப் புரிந்தது 2015 ஜூலையில். ஆண்ட்ராய்டில் வீடியோ, ஆடியோவைக் கையாளும் பகுதியில் ‘ஸ்டேஜ்ஃப்ரைட்’ என்ற குறை இருப்பதை ஸிம்பெரியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியே சொன்னது. விஷமமாகத் தயாரித்த ஒரு எம்எம்எஸ் வந்து சேர்ந்தாலே போதும், பல போன்களில் அதைத் திறந்து பார்க்கக்கூட வேண்டாம், உள்ளே புகுந்துவிடலாம். சுமார் 95 கோடி போன்களுக்கு இந்த ஆபத்து இருக்கிறது என்று அந்த நிறுவனம் கணக்கிட்டது. அடுத்த மாதமே, மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடும் வழக்கத்தை கூகுள் தொடங்கியது.

கூகுள் வெளியிட்டால் எல்லா போனுக்கும் வந்துவிடுமா? அங்கேதான் சிக்கல். கூகுள் தரும் திருத்தம் முதலில் குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் தயாரிப்பாளர்களின் மென்பொருளோடு பொருந்த வேண்டும். பிறகு போன் நிறுவனம் அதைத் தன் மென்பொருளில் சேர்த்து, ஒவ்வொரு மாடலிலும் சோதித்து அனுப்ப வேண்டும். ஒரே வருஷத்தில் ஏகப்பட்ட மாடல்களை இறக்கும் நிறுவனத்துக்கு, விற்று முடித்த போனுக்காகச் செய்யும் இந்த வேலையில் செலவுதான் உண்டு, வரவு இல்லை. மலிவு விலை போன்கள் சீக்கிரமே கைவிடப்பட்டதற்குக் காரணம் இதுதான். ஆப்பிளில் சிப், மென்பொருள், போன் மூன்றும் ஒரே கையில் இருப்பதால் இந்தத் தடைகள் குறைவு. 2013இல் விற்பனைக்கு வந்த ஐபோன் 5எஸ் மாடலுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது.

நிலைமை மாறியிருக்கிறது

நல்ல செய்தி என்னவென்றால், ஆண்ட்ராய்டு பக்கமும் காற்று மாறிவிட்டது. 2023 அக்டோபரில் பிக்சல் 8 வந்தபோது, 7 வருஷத்துக்கு அப்டேட் தருவதாக கூகுள் வாக்குக் கொடுத்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் அதே 7 வருஷத்தைச் சொன்னது. இவை விலை உயர்ந்த போன்கள். ஆனால் அதே 2024இல், இந்தியாவில் 20 ஆயிரம் ரூபாய்க்குள் அறிமுகமான கேலக்ஸி ஏ16 5ஜி மாடலுக்கு 6 வருஷம் என்று சாம்சங் அறிவித்தது. நீண்ட ஆயுள் பணக்காரர் போனுக்கு மட்டும்தான் என்ற நிலை உடைந்துவிட்டது.

சட்டமும் பின்னாலேயே வந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தபட்சம் எதுவரை செக்யூரிட்டி அப்டேட் தரப்படும் என்பதை நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நிறுத்தப்பட்ட பிறகும் குறைந்தது 5 வருஷம் அப்டேட் தர வேண்டும். முக்கியமான உதிரி பாகங்கள் 7 வருஷம் கிடைக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் பெட்டியிலும் அப்டேட் நிற்கும் தேதி அச்சாக வேண்டும். வாங்குகிறவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினால் அது நடக்கும்.

தள்ளுபடியில் மறைந்திருக்கும் கணக்கு

நிறுவனம் சொல்லும் ‘4 வருஷம்’, ‘6 வருஷம்’ எல்லாம் பெரும்பாலும் அந்த மாடல் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பில்லில் இருக்கும் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 ஜனவரியில், 4 வருஷ வாக்குறுதியோடு ஒரு போன் வருகிறது. விலை 24 ஆயிரம் ரூபாய். அதுவே 2026 தீபாவளி ஆஃபரில் 15 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. லாபம் என்று தோன்றும். ஆனால் மிச்சம் இருப்பது 14 மாதம். பாதுகாப்பான ஒவ்வொரு மாதத்துக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். அப்போதுதான் வந்த, 6 வருஷ வாக்குறுதியுள்ள ஒரு போனை 20 ஆயிரத்துக்கு வாங்கினால் மாதத்துக்கு 300 ரூபாய்கூட ஆகாது. விலையை மிச்சமுள்ள மாதங்களால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், எந்தத் தள்ளுபடியும் உங்களை அவசரப்படுத்தாது.

செகண்ட் ஹேண்ட் போனுக்கும் இதே கணக்குதான். கூடவே இன்னொரு சோதனையும் வேண்டும். டயலரில் *#06# என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, போன் முடக்கப்பட்ட ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பேட்டரி எத்தனை வருஷம்?

மென்பொருள் 6 வருஷம் வந்தாலும் பேட்டரி அதுவரை தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. லித்தியம் பேட்டரி ஒவ்வொரு முழுச் சார்ஜிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். 800 முறை முழுச் சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. தினமும் ஒரு முழுச் சார்ஜ் செலவழிப்பவருக்கு 800 என்பது இரண்டு வருஷத்துக்குச் சற்று அதிகம். ஆகவே போனின் ஆயுளுக்குள் ஒரு முறையாவது பேட்டரி மாற்ற வேண்டிவரும் என்று வாங்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. அதைப் போட்டுவைத்தால் பேட்டரி மெதுவாகத் தேயும்.

போன் மந்தமாகிவிட்டால் புதிது வாங்க ஓடுவதற்கு முன் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க, அவற்றின் வேகத்தைத் தான் குறைத்துவந்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. கடும் கண்டனத்துக்குப் பிறகு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. பேட்டரியை மாற்றியவர்களுக்குப் பழைய வேகம் திரும்பக் கிடைத்தது.

செயலிக்கும் அதே கேள்வி

போனைத் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் யோசிக்கும் நாம், செயலியை நொடியில் இறக்கிக்கொள்கிறோம். அதுவும் நின்றுபோகக்கூடியதுதான். பெரிய நிறுவனத்தின் செயலி என்பதால் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. கூகுள் பிளே மியூசிக் 2020இல் நின்றது. கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாகப் படம் சேமிக்கும் வசதி 2021 ஜூன் 1 முதல் இல்லை. அதனால் குறிப்புகளோ குடும்பப் படங்களோ வரவு செலவுக் கணக்கோ, எந்தச் செயலியில் வைக்கப்போகிறீர்களோ, அதற்குள் முதல் நாளே போய் ‘எக்ஸ்போர்ட்’ என்ற வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். உள்ளே போட்டதை எளிதாக வெளியே எடுக்க விடாத செயலியில் உங்கள் வாழ்க்கையைச் சேர்த்துவைக்க வேண்டாம்.

பலர் சேர்ந்து வளர்க்கும் திறந்த மூல மென்பொருள்களையும் கவனியுங்கள். வீடியோ பார்க்க உதவும் விஎல்சி, 1996இல் பாரிஸின் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது. இன்றும் விளம்பரம் இல்லாமல், இலவசமாகக் கிடைக்கிறது.

அம்மாவின் கையில் எந்த போன்?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. புது போன் வாங்கியதும் பழையது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போகும். அவர்களுடைய பென்ஷன் கணக்கும் கேஸ் புக்கிங்கும் வங்கியின் ஓடிபியும் அந்தப் பழைய போனில்தான். மோசடி அழைப்புகள் குறிவைப்பதும் பெரியவர்களைத்தான். காவல் அதிகம் தேவைப்படுகிறவர்களின் கையில் காவல் முடிந்த போனைக் கொடுக்கிறோம். இதை அன்பு என்று நினைத்துச் செய்கிறோம், அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்றே அவர்கள் போனை வாங்கி, செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியில் ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட் எந்தத் தேதியில் நிற்கிறது என்று பாருங்கள். புது அப்டேட் காத்திருந்தால் வைஃபை போட்டு ஏற்றிக்கொடுங்கள். நிறுவனமே நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், வங்கிச் செயலிகளையும் யுபிஐயையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். பாட்டு கேட்கவும் சீரியல் பார்க்கவும் அது போதும். பணம் இருக்கும் போன், அப்டேட் வரும் போனாக இருக்கட்டும். விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்த வாரம்: வாட்ஸ்அப்பில் வரும் ‘கல்யாணப் பத்திரிகை’ ஏபிகே கோப்பு. அதைத் தொட்டால் போனுக்குள் என்ன நடக்கிறது, தொட்டுவிட்டால் உடனே செய்ய வேண்டியது என்ன?

(தொடரும்)