விசிட்டிங் கார்டில் விட்டுப்போன ஓர் ‘எஸ்’!

பம்ப்செட், மோட்டார், வெட் கிரைண்டர் என்று பட்டறைகள் நிறைந்த ஊர் கோவை. இங்குள்ள விசிட்டிங் கார்டுகளிலும் விளம்பரப் பலகைகளிலும் அடிக்கடி கண்ணில் படும் ஓர் ஆங்கில வரி: ‘ஒன் ஆஃப் தி லீடிங் மேனுஃபேக்சரர்’. படிக்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால், கடைசியில் ஓர் ‘எஸ்’ விட்டுப்போயிருக்கிறது. ‘மேனுஃபேக்சரர்ஸ்’ என்பதே சரி.

பேச்சில் இது பெரிதாகத் தெரியாது. எழுத்தில் அப்படியில்லை. வெளிநாட்டில் இருந்து ஆர்டர் கொடுக்க நினைப்பவர் முதலில் பார்ப்பது மெஷினை அல்ல, அதைப் பற்றி எழுதிய வரியைத்தான். லீவ் லெட்டரில் ‘ஒன் ஆஃப் மை ரிலேட்டிவ்’ என்று எழுதும் மாணவருக்கும், பயோடேட்டாவில் ‘ஒன் ஆஃப் மை ஸ்ட்ரெங்த்’ என்று எழுதும் பட்டதாரிக்கும் இதே சிக்கல்தான்.

தமிழிலேயே இருக்கிறது விடை

இதே வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘முன்னணி நிறுவனங்களில் ஒன்று’ என்றுதான் வாயில் வரும். ‘முன்னணி நிறுவனத்தில் ஒன்று’ என்று யாரும் சொல்வதில்லை. பலவற்றில் இருந்துதானே ஒன்றை எடுக்க முடியும்?

தமிழில் கூட்டம் முதலில் வருகிறது, ‘ஒன்று’ கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஒன்’ முதலிலேயே வந்துவிடுவதால், ‘ஒன்றுதானே’ என்று கை ஒருமையை எழுதிவிடுகிறது. எனவே, எழுதும் முன் மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். ‘கள்’ வரும் இடத்தில் ஆங்கிலத்திலும் பன்மை வர வேண்டும். ‘நண்பர்களில் ஒருவர்’ என்றால் ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’. ‘குழந்தைகளில் ஒன்று’ என்றால் ‘ஒன் ஆஃப் தி சில்ட்ரன்’. இங்கே ‘எஸ்’ தேவையில்லை, அந்தச் சொல்லே பன்மைதான்.

வினைச்சொல் எப்படி?

‘பம்புகளில் ஒன்று பழுதாகிவிட்டது’ என்கிறோம், ‘பழுதாகிவிட்டன’ என்பதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘ஒன் ஆஃப் தி பம்ப்ஸ் ஹேஸ் ஃபெயில்ட்’. பக்கத்தில் ‘பம்ப்ஸ்’ இருப்பதைப் பார்த்து ‘ஹேவ்’ போட்டுவிடக் கூடாது. பழுதானது ஒன்றுதான்.

எண்ண முடியாதவை

சில சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொதுவாகப் பன்மை கிடையாது. மெஷினரி, எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், அட்வைஸ் எல்லாம் இந்த ரகம். இவற்றை ‘ஒன் ஆஃப் தி’யுடன் நேரடியாகச் சேர்க்க முடியாது. ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் மெஷினரி’ தவறு. ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் மெஷின்ஸ்’ சரி. சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் புகழ நினைத்து ‘ஒன் ஆஃப் தி ஸ்வீட்டஸ்ட் வாட்டர்’ என்று எழுதினாலும் தவறுதான். ‘சிறுவாணி வாட்டர் இஸ் வெரி ஸ்வீட்’ என்று நேராகவே எழுதிவிடலாம்.

முதலாவது என்றால்?

ஒன்றே ஒன்று என்றால் இந்தச் சொற்றொடரே வேண்டாம். 1888-ல் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்தான் கோவையின் முதல் பஞ்சாலை. அதை ‘தி ஃபர்ஸ்ட் மில்’ என்று எழுதினால் போதும், அங்கே ‘எஸ்’ வராது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு ஊரில் ஆலைகள் பெருகின. அவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதினால், ‘ஒன் ஆஃப் தி மில்ஸ்’ என்று ‘எஸ்’ சேர்த்தாக வேண்டும்.

அடுத்த முறை ஆயிரம் கார்டு அச்சடிக்கக் கொடுக்கும் முன், பிரிண்டிங் பிரஸ் காட்டும் புரூஃபில் ‘ஒன் ஆஃப்’ எங்கே வருகிறது என்று தேடுங்கள். அந்த வரியைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு ஓ.கே. சொல்லுங்கள்.