லாரி ஒருவருடையது, டிரைவர் இன்னொருவருடைய ஆள்!

காலையில் கடையைத் திறந்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "லோடு வந்துவிட்டதா?" என்பதுதான். பருப்பானாலும் வெங்காயமானாலும் அரிசியானாலும், லாரி வந்து நின்றால்தான் நமக்கு வியாபாரம். வாடகை எவ்வளவு, மூட்டை எத்தனை, எடை சரியா என்று பார்த்துக் கணக்குத் தீர்க்கும் நாம், லாரியை ஓட்டி வந்தவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று கேட்பதில்லை. முன்பெல்லாம் அதற்கு அவசியமும் இருந்ததில்லை. லாரி யாருடையதோ, டிரைவரும் அவருடைய ஆள்.

இன்று நிலைமை மாறி வருகிறது. டிரைவர் கிடைக்காத குறை லாரி உரிமையாளர்களை வாட்டுகிறது. ஆகவே டிரைவர்களைத் திரட்டி, மாதக் கணக்கிலோ டிரிப் கணக்கிலோ லாரிக்காரர்களுக்கும் பெரிய கிடங்குகளுக்கும் அனுப்பி வைக்கும் ஒப்பந்த நிறுவனங்கள் தோன்றியிருக்கின்றன. சொந்த வண்டி வைத்திருக்கும் வியாபாரிகளும் இவர்களிடம் ஆள் எடுக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் டிரைவரின் பாடு என்ன, நமக்குள்ள பொறுப்பு என்ன என்று அறிவதற்காக, இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த நாமக்கல் மாவட்டத்து டிரைவர் ஒருவரிடம் பேசினோம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

ஒரே முதலாளியிடம்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் கிளீனராக வண்டி ஏறியவர் டிரைவராகி, பிறகு கடனுக்கு லாரி எடுத்து உரிமையாளரும் ஆவது புதிதல்ல. நம் நண்பரும் கிளீனராகத் தொடங்கியவர்தான். பதினெட்டு ஆண்டுகள் ஒரே முதலாளியிடம் ஓட்டினார். வாடகையில் சதவீதம், வழிச்செலவுக்கு முன்பணம், திரும்பி வந்ததும் டிரிப் கணக்கு என்று வண்டி ஓடியது. மகள் படிப்புக்கு முதலாளியே கைமாற்றாகப் பணம் கொடுத்ததும் உண்டு. முதலாளிக்கு வயதாகி வண்டிகளை விற்றுவிட்ட பிறகுதான் இவர் ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்தார்.

சேர்ந்த புதிதில் குறை ஒன்றும் தெரியவில்லை என்கிறார். மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்தது. மாதம் நான்கு நாள் விடுமுறை. வருங்கால வைப்பு நிதி உண்டு என்றார்கள். வாடகை கிடைக்காமல் புக்கிங் ஆபீஸ் வாசலில் நாள் கணக்கில் காத்துக் கிடக்கும் கவலை இல்லை. சிக்கல்கள் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின.

"நம்ம வண்டின்னா பிரேக் எப்படிப் பிடிக்கும், எந்த டயர் தேஞ்சிருக்குன்னு எல்லாம் தெரியுமுங்க. இங்க திங்கக்கிழமை ஒரு வண்டி, வியாழக்கிழமை ஒரு வண்டி. வண்டியில கோளாறுன்னா லாரிக்காரரு 'உன் கம்பெனிகிட்டச் சொல்லு'ங்கறாரு. கம்பெனியில கேட்டா 'வண்டி அவங்களுது'ங்கறாங்க" என்கிறார்.

வேலை நேரமும் அப்படியே. இரவு ஒரு லாரியை விட்டு இறங்கியவரை விடியற்காலையில் வேறொருவர் லாரிக்கு அனுப்புவார்கள். முதல் லாரிக்காரர் வாங்கிய வேலை இரண்டாமவருக்குத் தெரியாது. தூக்கக் கணக்கை யாரும் வைப்பதில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், நீண்ட தூர ஓட்டத்துக்கு அதிகம் போனால் 10 மணி, 54 மணி என்றும் வரம்பு கட்டியிருந்தது. ஒரே முதலாளியிடமே சரியாக நடவாத அந்த வரம்பு, இரண்டு மூன்று பேருக்கு நடுவில் ஓடுபவருக்கு எப்படிக் கிடைக்கும்?

மூன்று மூட்டைப் பருப்பு

அவரை மிகவும் வருத்திய சம்பவம் நம்மைப் போன்ற ஒரு மளிகை மொத்த வியாபாரியின் கிட்டங்கி வாசலில் நடந்தது. கலபுரகியிலிருந்து துவரம் பருப்பு லோடு. ஏற்றும்போதே தார்ப்பாய் கிழிந்திருப்பதைப் போனில் லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். "இந்த ஒரு டிரிப் ஓட்டு, பார்க்கலாம்" என்று பதில். வழியில் மழை. ஊர் வந்து சேர்ந்தபோது இறக்குகூலி ஆட்களுக்கு விடுமுறை. இரண்டு இரவு வண்டியிலேயே காத்திருந்தார். மூன்றாம் நாள் இறக்கியபோது மூன்று மூட்டை நனைந்திருந்தது.

வியாபாரி லாரி ரசீதில் "3 மூட்டை டேமேஜ்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். நஷ்டத்தைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு, அதில் தவறில்லை. ஆனால் ஏன் நனைந்தது என்று ஒரு வரி எழுதவில்லை. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் அந்தத் தொகையை லாரி வாடகையில் பிடித்தது. லாரிக்காரர் ஒப்பந்த நிறுவனத்தின் பில்லில் பிடித்தார். நிறுவனம் டிரைவர் சம்பளத்தில் பிடித்தது. ஏறத்தாழ அரை மாதச் சம்பளம் போயிற்று. தார்ப்பாய்க்குப் பொறுப்பான லாரிக்காரர் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. இரண்டு நாள் காத்திருந்ததற்கான ஹால்டிங் தொகையும் லாரிக்காரருக்கே போனது. "நீ மாதச் சம்பளக்காரன்" என்று சொல்லி இவருக்குப் படி கூடத் தரவில்லை.

"பழைய முதலாளியும் திட்டுவாருங்க. ஆனா திட்டறதும் அவருதான், காசு குடுக்கறதும் அவருதான். இங்க யார் முன்னால போய் நின்னு கேக்கறதுன்னே தெரியலீங்க" என்று அவர் சொன்னபோது நமக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

சட்டம் சொல்வது

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமலில்லை. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஊதியத் தொகுப்பின்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். சரக்கு நஷ்டத்துக்காகப் பிடித்தம் செய்வதானால், தொழிலாளியின் கவனக்குறைவால்தான் நஷ்டம் நேர்ந்திருக்க வேண்டும்; அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். 1936ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்த விதி இது. நம் நண்பரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கியவர் தர வேண்டிவரும். ஒப்பந்தத் தொழிலாளர் முறைக்கான உரிமம் பெறுவது 50 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்குத்தான். முன்பு 20 பேர் என்றிருந்தது. சின்ன நிறுவனங்கள் உரிமம் இல்லாமலே ஆள் அனுப்ப முடியும் என்பதால், ஆள் எடுப்பவர்தான் கண்ணை விழித்துக்கொண்டிருக்க வேண்டும். விபத்தில் டிரைவருக்கு ஏதேனும் நேர்ந்தாலும், "ஆள் என்னுடையவர் அல்ல" என்று சொல்லி வண்டிக்காரர் எளிதில் தப்ப முடியாது. ஒப்பந்தக்காரர் மூலம் தன் தொழிலுக்கே ஆள் வைத்தவரும் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதல் இன்றைய தொகுப்பு வரை தொடர்ந்து வரும் விதி.

நம்மால் ஆகக்கூடியவை

1. சரக்கில் சேதம் இருந்தால் எண்ணிக்கையோடு காரணத்தையும் ரசீதில் எழுதுங்கள். "தார்ப்பாய் கிழிந்து மழைநீர் இறங்கியுள்ளது" என்ற ஒரு வரி, பொறுப்பு யாருடையது என்பதைக் காட்டிவிடும். நம் நஷ்டஈடு அதனால் குறையப் போவதில்லை.

2. லாரி வந்த நாள், நேரம், இறக்கி முடித்த நேரம் மூன்றையும் குறித்துக் கையெழுத்திடுங்கள். படி கேட்க டிரைவருக்கு அதுவே ஆதாரம்.

3. விடுமுறை நாளில் லோடு வந்து நிற்காதபடி முன்கூட்டியே டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்குச் சொல்லுங்கள். காத்திருக்க நேர்ந்தால் குடிநீரும் கழிப்பறையும் கொடுங்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் குளிர்சாதன கேபின் கட்டாயம். ஆனால் கிட்டங்கி வாசலில் அவர் முகம் கழுவ இடம் தருவது நம் கையில்தான் இருக்கிறது.

4. சொந்த வண்டிக்கு நிறுவனத்தின் மூலம் டிரைவர் எடுப்பவர்கள், அவரது நியமனக் கடிதம், லைசென்ஸ், வைப்பு நிதி கட்டிய ரசீது ஆகியவற்றைப் பாருங்கள். முதல் நாள் எத்தனை மணிக்கு வேலை முடித்தார் என்று அவரிடமே கேளுங்கள். வண்டி இன்சூரன்சில் டிரைவருக்கும் காப்பு இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஆள் அனுப்புவதற்கான பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறோம்; அந்த பில்லில் டிரைவரின் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில் தவறில்லை.

இந்த முறையே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. நம் நண்பர் இன்றும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில்தான் இருக்கிறார். அங்கே மூன்று மாதத்துக்கு ஒரே லாரி. வண்டியைக் கைமாற்றும்போது டயர், பிரேக், தார்ப்பாய் நிலையை எழுதி இருவரும் கையெழுத்திடுகிறார்கள். சம்பளம் 5ஆம் தேதி வந்துவிடுகிறது. ஆக, மனமிருந்தால் ஒழுங்காக நடத்த முடிகிற தொழில்தான் இது.

கைநீட்டிச் சம்பளம் வாங்குகிறவருக்குக் கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும். நம் கிட்டங்கியில் நாம் எழுதும் ரசீது அவருக்கு அந்த இடத்தைக் காட்டட்டும். அடுத்த லோடு வரும்போதே இதைத் தொடங்கலாம், நண்பர்களே.