தூண்டிற் காசும் கண்டி மன்னனும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய கரையூர்களில் வாழ்வோர்க்குத் தூண்டில் புதிய பொருளன்று. ஆனால், அதே வடிவில் வெள்ளிக்காசு ஒன்று முற்காலத்தில் இந்நாட்டில் வழங்கியது என்பதைப் பலர் அறியார்.

அக்காசின் பெயர் லாரின். பாரசீகத்திலுள்ள லார் என்னும் நகரின் பெயரால் அமைந்தது. வெள்ளிக்கம்பியை மடித்து முத்திரையிட்ட இக்காசு, வணிகர் வழியே இந்துமாக்கடற்றுறைகள் பலவற்றிற் பரவிற்று. இலங்கையில் அது தூண்டில்போல வளைக்கப்பட்டது.

இரண்டாம் இராசசிங்கன் (1635–1687) கண்டியை ஆண்டபோது இக்காசு வழக்கில் இருந்தது. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களை 1626ஆம் ஆண்டளவில் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றியவன் அவன் தந்தை செனரத் என்பர். இராசசிங்கனோ பெரும் போர்வீரன். 1638 மார்ச்சு மாதம் கன்னொறுவையிற் போர்த்துக்கேயப் படையை முற்றாக முறியடித்தான். அதே ஆண்டு மே மாதம் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றி, அவனோடு உடன்படிக்கை செய்தனர். போர்ச்செலவை மன்னன் கறுவா, மிளகு, மெழுகு முதலிய பண்டங்களாக ஈடுசெய்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

காசாகக் கொடுக்காமல் பண்டமாகக் கொடுப்பானேன்? 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ் எழுதிய நூல் இதற்கு விடை தருகின்றது. நாட்டிற் காசு மிக அரிது. மக்கள் பெரும்பாலும் பண்டமாற்றே செய்தனர். போர்த்துக்கேயர் அடித்த வெள்ளிக்காசு ஒருவகை. தூண்டிற்காசு மற்றொருவகை, மன்னன் அனுமதியோடு எவரும் அதனைச் செய்யலாம், விரும்பிய முத்திரையையும் இடலாம். மன்னனுக்கே உரியது பணம் என்னும் மிகச் சிறிய காசு. பிறர் அதனை அடித்தால் மரணதண்டனை. ஒரு ஸ்பானிய வெள்ளிக்காசுக்கு அத்தகைய பணம் 75 ஈடாகும்!

எவரும் செய்யலாமெனின், அக்காசை மக்கள் நம்பியது எவ்வாறு? ஐயம் எழுந்தால் காசை நெருப்பிற் பழுக்கக் காய்ச்சி நீரில் இடுவர். தூய வெண்ணிறம் தோன்றினாலன்றி அது செல்லாது. முத்திரையைவிட வெள்ளியின் தூய்மையே மதிப்பைத் தந்தது.

ஆயினும், வெள்ளி அரிதான நாட்டை ஆண்ட மன்னனுக்குப் போர்க்கடன் பெருஞ்சுமையாயிற்று. கடன் தீரவில்லை என்று காரணங் காட்டியே, 1640இற் கைப்பற்றிய காலிக்கோட்டையை ஒல்லாந்தர் தம்மிடமே வைத்துக்கொண்டனர். வாளால் வென்றவன், கணக்கேட்டின் முன் தளர்ந்தான். கொழும்பு நூதனசாலைக்குச் செல்வோர், அங்குள்ள தூண்டிற்காசுகளைக் காணும்போது இவ்வரலாற்றையும் நினைவுகூர்வாராக.