உலகத்தின் நம்பர் 1 பிளேயர், ஊருக்காக ஆடுவது செகண்ட் டிவிஷன்!

ஒரு சின்ன கற்பனை. உலகக் கோப்பையை ஜெயிச்ச கையோடு மெஸ்ஸி ஊருக்குத் திரும்புறார். அடுத்த மாசமே, தான் பிறந்த ஏரியா டீமுக்காக, இரண்டாம் டிவிஷன் மேட்ச்ல, பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனோட சேர்ந்து ஆடுறார். சம்பளம் கிடையாது. பெரிய கிளப்புக்கு மாறலாமே என்று யாராவது கேட்டால் ஊரே முறைக்கும்.

காமெடியா இருக்கா? அயர்லாந்தில் இது நிஜம். அங்கே அந்த 'மெஸ்ஸி'யின் பெயர் டேவிட் கிளிஃபோர்ட். ஆட்டத்தின் பெயர் கேலிக் ஃபுட்பால். அயர்லாந்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை 3 முறை வாங்கியவர். 2025 ஜூலையில் அவருடைய கெர்ரி கவுன்ட்டி அணி அகில அயர்லாந்து கோப்பையை 39-வது முறையாகத் தூக்கியது. வேலை? பள்ளிக்கூட வாத்தியார். சொந்த கிளப்? கில்லார்னி பக்கத்தில் இருக்கும் ஃபோஸா என்கிற குட்டி ஊர்.

அந்த ஃபோஸா 2023-லிருந்து ஆடுவது கெர்ரியின் 'இன்டர்மீடியட்' சாம்பியன்ஷிப்பில். அதாவது மேலே சீனியர், கீழே ஜூனியர், நடுவில் இது.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துடுவோம். ஒரு பக்கம் 15 பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், ஆனால் நாலு ஸ்டெப்புக்கு மேல் அப்படியே ஓடக் கூடாது. தரையில் தட்டணும், இல்லைன்னா ஷூ நுனியில் தட்டித் திரும்பக் கைக்குக் கொண்டு வரணும். வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 பாயின்ட். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் 1 பாயின்ட். 40 மீட்டர் வளைவுக்கு வெளியே இருந்து அடித்தால் 2 பாயின்ட், இது 2025-ல் வந்த புது ரூல். ஸ்கோர்போர்டு பார்த்துக் குழம்ப வேண்டாம்: அந்த 2025 ஃபைனலில் கெர்ரி 1-26, டோனகல் 0-19. அதாவது கெர்ரிக்கு 1 கோலும் 26 பாயின்ட்டும். மொத்தம் 29-க்கு 19.

இப்போ நம்ம கேள்வி. இவ்வளவு பெரிய ஸ்டார் ஏன் நடு டிவிஷனில் கிடக்கிறார்?

காரணம், 1884-ல் தொடங்கிய ஜி.ஏ.ஏ. என்கிற அமைப்பு. கேலிக் விளையாட்டுகளை நடத்தும் இது இன்னைக்கும் அமெச்சூர் அமைப்புதான். வீரர்களுக்குச் சம்பளமில்லை, வீரர்களை விலைக்கு வாங்குவதும் இல்லை. எந்தப் பங்குக் கோயில் எல்லைக்குள் வளர்ந்தீர்களோ, அந்த ஊர் கிளப்தான் உங்கள் கிளப். வீடு மாறினால் கிளப் மாற வழி உண்டு. ஆனாலும் டப்ளினில் வேலை பார்த்துக்கிட்டே, வீக்கெண்டில் மணிக்கணக்கில் கார் ஓட்டி ஊருக்கு ஆட வருகிறவர்கள் ஏராளம்.

அப்போ ஒரு சின்ன ஊர் மேலே வர ஒரே வழி இந்த ஏணிதான். கெர்ரியில் சீனியர் கிளப் அந்தஸ்து 8 அணிகளுக்கு மட்டுமே. இன்டர்மீடியட்டில் 16 கிளப்கள் மோதும். சாம்பியன் மட்டும் மேலே போகும். மேலே கடைசியாக வரும் கிளப் கீழே வரும். ஒரே ஒரு கதவு. அதனால்தான் நல்ல டீம்கள்கூட வருஷக் கணக்கில் இங்கேயே மாட்டிக்கிட்டு நிற்கின்றன. என்னைக் கேட்டால், சீனியரைவிட இதில்தான் டென்ஷன் அதிகம்.

ஆனால் ஒரு ட்விஸ்ட்

கெர்ரியில் சின்ன கிளப் பசங்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. இன்டர்மீடியட், ஜூனியர் கிளப்களின் வீரர்களை ஏரியா வாரியாகச் சேர்த்து 'டிவிஷனல்' அணிகள் அமைப்பார்கள். அந்த அணிகள் கவுன்ட்டியின் சீனியர் சாம்பியன்ஷிப்பில் பெரிய கிளப்களோடு மோதும். டேவிட்டும் அவர் அண்ணன் பௌடியும் ஆடிய 'ஈஸ்ட் கெர்ரி' அணி 2019, 2020, 2022, 2023 என நாலு முறை அதை ஜெயிச்சது.

இப்போ ஃபோஸா இன்டர்மீடியட் கோப்பையை வென்று சீனியருக்குப் போனால்? ஈஸ்ட் கெர்ரி கதவு மூடிடும். கோப்பை வாங்கிக் கொடுத்த டீமை விட்டுட்டு, அதே டீமுக்கு எதிராகவே நிற்கணும். ஊர் ஜெயிச்சா உங்களுக்கு ஒரு கோப்பை குறையலாம். அப்படியும் யாரும் ஊருக்காகத் தோற்க ஆசைப்படுவதில்லை.

அந்த வெறியைப் பார்க்கணும்னா 2023 ஜனவரிக்குப் போகணும். அகில அயர்லாந்து ஜூனியர் கிளப் ஃபைனல், 82,300 பேர் உட்காரக்கூடிய டப்ளின் குரோக் பார்க்கில். ஃபோஸா, டைரோனின் ஸ்டூவர்ட்ஸ்டவுனை ஜெயிச்சது. ஆனால் கடைசி நேரக் கைகலப்புகளில் அண்ணன், தம்பி இருவருக்குமே சிவப்பு அட்டை! நாட்டின் சிறந்த வீரர், மூன்றாம் தர கிளப் ஃபைனலில் ரெட் கார்டு வாங்கும் அளவுக்கு டென்ஷன் ஆகிறார் என்றால் பார்த்துக்கோங்க. அதே ஜனவரியில் இன்டர்மீடியட் கோப்பையும் கெர்ரிக்குத்தான் வந்தது. ஜெயிச்சது ராத்மோர் கிளப்.

இந்த ஏணியில் மேலே மட்டும் இல்லை, கீழேயும் கதை இருக்கு. மேயோ கவுன்ட்டியின் கிராஸ்மோலினா 2001-ல் அகில அயர்லாந்து சீனியர் கிளப் சாம்பியன். டெர்ரியின் பாலிண்டெர்ரி 2002-ல் சாம்பியன். இரண்டுமே ஃபைனலில் சாய்த்தது ஒரே கிளப்பை, கார்க் நகரின் நீமோ ரேஞ்சர்ஸை. 2025 ஜனவரியில் இந்த இரண்டு முன்னாள் ராஜாக்களும் நேருக்கு நேர் மோதினார்கள்... இன்டர்மீடியட் ஃபைனலில்! ஜெயித்தது கிராஸ்மோலினா.

இப்படி ஒரு பெரிய கிளப் எப்படிச் சரியும்? ஒரு தலைமுறை நல்ல வீரர்கள் ரிட்டயர் ஆவார்கள், பின்னாடி அதே தரத்தில் ஆள் இருக்காது. வெளியே இருந்து வாங்கவும் முடியாது. இதோடு இன்னொண்ணும் இருக்கு. கிராமத்தில் வேலை இல்லை, வீட்டு வாடகை எக்கச்சக்கம். இருபத்தஞ்சு வயசுப் பசங்க சிட்னிக்கும் டப்ளினுக்கும் கிளம்புறாங்க. பெரிய நகர கிளப்புக்கு நாலு பேர் போனால் பெஞ்சில் இன்னும் பத்து பேர் இருப்பார்கள். நடு டிவிஷன் கிராம கிளப்புக்கு நாலு பேர் போனால் அது டீமில் கால்வாசி. சில ஊர்களில் சிறுவர் அணிக்கே 15 பேர் தேறாமல், எதிரியாக இருந்த பக்கத்து ஊரோடு சேர்ந்து ஆடுகிறார்கள். மேலே போகும் கனவைவிட, அடுத்த வருஷம் ஜெர்சி போட ஆள் இருக்குமா என்கிற பயம்தான் பல கமிட்டி மீட்டிங்குகளில் ஓடுகிறது.

பார்க்கணும்னு தோணுதா? கவுன்ட்டி சீசன் ஜூலையோடு முடிஞ்சதும் கிளப் ஆட்டங்கள் சூடு பிடிக்கும். கவுன்ட்டியில் ஜெயிக்கும் இன்டர்மீடியட் அணி நவம்பர் வாக்கில் மாகாண ஆட்டங்களுக்குப் போகும், அதிலும் தாண்டினால் ஜனவரியில் குரோக் பார்க். டிஜி4 சேனலில் கிளப் மேட்ச்கள் வரும். செப்டம்பரில் அங்கே ஞாயிறு மதியம் 2 மணி என்றால் நமக்கு மாலை 6.30.

ராத்மோர் ஆடினால் ஷேன் ரயானைத் தேடுங்க. கெர்ரி அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். ஊர் டீமில் ஆள் தேவை இருக்கே, அதனால் அங்கே அவர் முன்வரிசையில் நின்று ஸ்கோர் பண்ணிக்கிட்டிருப்பார்.