பெயர் மூன்று, கொடி ஒன்று!

ஊர்ச் சான்றிதழில் ஒரு பெயர், மும்பை ரேஷன் கார்டில் இன்னொரு பெயர் என்று அல்லல்படுவது நம்மவர்களுக்குப் பழகிய கதை. திராட்சைக்கும் இதே தொல்லை உண்டு!

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இதையே வேறு வட்டாரங்களில் 'குலாபி' என்பார்கள். வெளிநாட்டில் 'மஸ்கட் ஹாம்பர்க்'. மூன்றும் ஒன்றே.

ஒரே பெயருக்குள் இரண்டு ரகம் ஒளிந்திருப்பதும் உண்டு. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 'மெர்லோ' என்று நம்பி வளர்த்த கொடிகளில் பல, 'கார்மெனேர்' என்ற பழைய பிரெஞ்சு ரகம் என்பது 1994-இல் தெரியவந்தது. கார்மெனேர் சில வாரம் பிந்திப் பழுப்பது. அதை அறியாமல் மெர்லோவோடு சேர்த்துப் பறித்து வந்தார்கள்.

நஷ்டம் யாருக்கு?

திராட்சையை விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சி நட்டு வளர்க்கிறார்கள். பெயர் மாறிய குச்சியை நட்ட விவசாயிக்குக் காய்ப்புக்கு வரும் வரை உண்மை தெரியாது. அதற்குள் பந்தலுக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்து நிற்கும்.

இரண்டு சாட்சிகள்

முதல் சாட்சி கொடியே. தளிர் நுனியில் ரோமம் உண்டா, இலையில் எத்தனை மடல், பூவும் குலையும் விதையும் எப்படி என்று குறித்துக்கொள்வார்கள். சிலியில் பிரெஞ்சு நிபுணர் பூர்சிகோ கண்டுபிடித்ததும் கொடியைப் பார்த்தே. ஆனால் மண்ணும் வெயிலும் நோயும் இலையை மாற்றிக் காட்டும்.

இரண்டாவது சாட்சி டி.என்.ஏ. அதில் சில இடங்களில் ஒரு சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ரகத்துக்கு ரகம் மாறும். தாய்வழி ஒரு கணக்கு, தந்தைவழி ஒரு கணக்கு. பல இடங்களின் கணக்கை ஒப்பிட்டால் பெற்றோரும் தெரிந்துவிடும். நமது பன்னீர் திராட்சையின் ஒரு பெற்றோர் 'அலெக்சாண்டிரியா மஸ்கட்'. மற்றது 'ஸ்கியாவா குரோசா'.

இதற்கும் எல்லை உண்டு. மகாராஷ்டிரத்தின் தாஸ்-ஏ-கணேஷும் நீளப் பழமுள்ள சோனாகாவும் விதையில்லாத் தாம்சன் கொடியின் வம்சமே. கொடியில் தற்செயலாக நேர்ந்த மாறுதலைக் கண்டு, அந்தக் கிளையைப் பெருக்கியவை. இவற்றைப் பிரித்தறிய இச்சோதனை பெரும்பாலும் உதவாது. பழத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே இரு சாட்சிகளும் தேவை. புனே அருகே மாஞ்சரியில் 1997-இல் தொடங்கிய தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் நூற்றுக்கணக்கான ரகங்களை வளர்த்துக் காத்துவருகிறது. ஐயத்துக்குரிய கொடியை ஒப்பிட அசல் கொடி எங்காவது இருக்க வேண்டுமல்லவா?