குழந்தையின் கைக்கு அச்சு எடுக்கணுமா? எந்தப் பொருள் எதற்கு, எதைத் தொடவே கூடாது?

குழந்தையின் குட்டிக் கையையும் காலையும் அச்சு எடுத்து ஃப்ரேம் போட்டு வைப்பது இப்போது பல வீடுகளில் வழக்கம். ‘ஸ்டுடியோ எதுக்கு, நாமளே செஞ்சிடலாமே’ என்று ஆன்லைனில் தேடினால் ஆல்ஜினேட், சிலிக்கோன், ரெசின், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் (பி.ஓ.பி.) என வரிசையாக வந்து நிற்கும். எல்லாமே மோல்டிங் சாமான்தான். ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. மாற்றி வாங்கினால் நஷ்டம் காசோடு நிற்காது.

2007 ஜனவரியில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 16 வயது மாணவி ஒருவர், கலை வகுப்பில் தன் கைகளின் சிற்பம் செய்ய, கரைத்து வைத்த பி.ஓ.பி.க்குள் கைகளை நேரடியாக வைத்தார். அது இறுகியது, சூடேறியது, கைகளை வெளியே எடுக்க முடியவில்லை. தீக்காயத்தால் பெரும்பாலான விரல்களை இழந்தார். பள்ளிக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது.

பி.ஓ.பி. ஏன் சுடுகிறது?

ஜிப்சம் என்ற கனிமத்தைச் சூடாக்கி, அதிலுள்ள நீரில் பெரும்பகுதியை வெளியேற்றினால் கிடைக்கும் பொடிதான் பி.ஓ.பி. தண்ணீர் சேர்த்ததும் இழந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறுகும். அப்போது வெப்பம் வெளியாகும். மெல்லிய பூச்சில் அந்தச் சூடு காற்றில் போய்விடும். வாளி நிறைய இருந்தால் உள்ளேயே தங்கி, சுமார் 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறலாம். அதனால் கை காலை பி.ஓ.பி.க்குள் முக்குவது பெரியவர்களுக்கும் கூடாது.

முதலில் இரண்டு கேள்வி

கடைக்குப் போகும் முன் இதை முடிவு பண்ணுங்க: எதைப் படி எடுக்கப் போறீங்க? உள்ளே எதை ஊற்றப் போறீங்க? முதல் கேள்விதான் அச்சுப் பொருளைத் தீர்மானிக்கும், இரண்டாவது வார்ப்புப் பொருளை. பிராண்டும் விலையும் அதற்குப் பிறகுதான்.

உயிருள்ள தோலுக்கு: ஆல்ஜினேட்

பல் மருத்துவர் பல்லுக்கு அளவெடுக்கும்போது வாயில் வைப்பாரே, அதே பொருள்தான். பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கிறது. மன்னார் வளைகுடாவை ஒட்டிய தமிழகக் கடற்கரையிலும் இதற்காகப் பாசி சேகரிக்கிறார்கள். பொடியைத் தண்ணீரில் கலந்தால் சில நிமிடங்களில் ரப்பர் போல ஆகிவிடும், சுடாது. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் இறுகும், குளிர்ந்த நீரில் தாமதமாகும்.

குறை ஒன்று உண்டு. ஈரம் போகப் போக ஆல்ஜினேட் சுருங்கும். கையை எடுத்ததும் தாமதிக்காமல் உள்ளே பி.ஓ.பி. ஊற்றணும். இங்கே பி.ஓ.பி. சரியான பொருள், ஏனென்றால் இப்போது உள்ளே கை இல்லை. ஓர் அச்சில் ஒரு வார்ப்புதான் வரும்.

பொம்மை, விளக்கு மாதிரி பொருளுக்கு: சிலிக்கோன்

ஒரே அச்சில் பல பிரதி வேண்டுமா? சிலிக்கோன் ரப்பர் வாங்குங்க. டின் வகை, பிளாட்டினம் வகை என இரண்டு உண்டு. டின் வகை விலை குறைவு, ஆனால் நாளடைவில் சுருங்கும். பிளாட்டினம் வகை அளவு மாறாமல் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கந்தகம் கலந்த மாடலிங் களிமண் பட்டாலோ, லேடெக்ஸ் கையுறை போட்டுக் கலந்தாலோ இறுகாமல் பிசுபிசுவென நின்றுவிடும். வினைல் கையுறை போட்டுக்கோங்க. சாக்லேட் அச்சு என்றால் உணவுக்கு ஏற்றது என லேபிளில் இருக்கும் பிளாட்டினம் வகை மட்டும்.

ரெசினும் கடலோர ஊரின் ஈரமும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் மாதிரி கடலுக்குப் பக்கத்துப் பகுதியில் குடியிருந்தால், காற்றின் ஈரத்தையும் ஒரு மூலப்பொருளாகக் கணக்கில் சேர்த்துக்கோங்க. ஜூனில் மழை தொடங்கிவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும், வார்ப்பு முழுக்கக் குமிழி வரும். எபாக்சி ரெசினில் மேற்பரப்பு மங்கலாகவோ ஒட்டும் தன்மையுடனோ போகலாம். பிரித்து வைத்த பி.ஓ.பி. மூட்டையும் ஈரத்தைக் குடித்து வீணாகும். பழைய பொடியா? ஒரு ஸ்பூன் மட்டும் கரைத்துப் பாருங்க. அரை மணி நேரத்தில் இறுகவில்லை என்றால் தூக்கிப் போடுங்க. அதனால் மழைக்காலத்தில் சிறிய பாக்கெட்டாக வாங்குவதே லாபம்.

ரெசினும் இறுகும்போது சூடாகும். லேபிளில் சொன்ன ஆழத்துக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. எபாக்சி திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் போகாது. கையுறை, திறந்த ஜன்னல் இரண்டும் கட்டாயம். குழந்தை தூங்கும் ஏ.சி. அறையில் வேண்டாம்.

உலோகம்? வீட்டில் வேண்டாம்

சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்து உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசுவார்கள். சுட்டதும் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகம் பாயும். பிறகு அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். ஓர் அச்சுக்கு ஒரே சிலை. ஊற்றும் முன் அச்சை நன்கு சுட்டு ஈரத்தை முழுவதும் போக்கிவிடுவார்கள். துளி ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் பட்டதும் நீராவியாகி வெடித்துச் சிதறும். பால்கனியில் சோதித்துப் பார்க்கும் விஷயமல்ல இது.

வாங்கும் முன் பாருங்க

காலாவதி தேதி, கலக்கும் விகிதம் எடையிலா அளவிலா, இறுக எவ்வளவு நேரம், தோலில் படலாமா. இந்த நான்கும் லேபிளில் இல்லாத பாக்கெட்டை வாங்காதீங்க. பொடி கலக்கும்போது மாஸ்க் போடுங்க, குழந்தையைத் தள்ளி வைங்க. மிச்சமான பி.ஓ.பி.யை சிங்க்கில் கொட்டினால் குழாய்க்குள் கல்லாகிவிடும். இறுகவிட்டுக் குப்பையில் போடுங்க.

ஆல்ஜினேட் முதல் கலவையைக் குழந்தையிடம் சோதிக்காதீங்க. உங்க கட்டைவிரலை விட்டுப் பாருங்க. எத்தனை நிமிடத்தில் இறுகுது, எரிச்சல் இருக்கா என்பது தெரிந்த பிறகு குழந்தையைத் தூக்குங்க.