ஒற்றை எலக்ட்ரானை எண்ணும் சில்லு

பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ 85 சதவீதம் எந்தத் தொலைநோக்கிக்கும் தென்படுவதில்லை. அதன் ஈர்ப்புவிசையை வைத்தே இருப்பதாக அறிகிறோம். கரும்பொருள் என்பது அதன் பெயர்.

அதன் துகள்கள் புரோட்டானைவிடப் பல மடங்கு கனமானவை என்ற எதிர்பார்ப்பில்தான் நெடுங்காலம் தேடினார்கள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், நிலத்துக்கு 1.5 கிலோமீட்டர் கீழே, லக்ஸ்-செப்லின் கருவியில் 7 டன் திரவ செனான் இதற்கென்றே காத்திருக்கிறது. துகள் ஏதேனும் செனான் அணுக்கருமேல் மோதினால் மெல்லிய ஒளி எழும். ஆனால் அந்தத் துகள் புரோட்டானைவிட ஆயிரம் மடங்கு லேசானதாக இருந்தால்? நிற்கும் லாரிமேல் கோலிக்குண்டு பட்ட கதைதான், அணுக்கரு அசையாது. எலக்ட்ரான் அசையும்.

சிலிக்கானில் கட்டுண்ட எலக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 1.1 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போதும். விடுபட்டதைச் சேகரிக்க, வானியலாளர்கள் பல்லாண்டாகப் பயன்படுத்தும் கேமரா சில்லான சிசிடியே இருக்கிறது. எண்ணுவதுதான் சிக்கல். சாதாரண சிசிடி ஒரு பிக்சலை அளக்கையில் இரண்டு மூன்று எலக்ட்ரான் அளவுக்கு இரைச்சல் சேர்ந்துவிடும். ஒற்றை எலக்ட்ரான் அதில் மூழ்கிப்போகும்.

இதற்குத் தீர்வு ஸ்கிப்பர் சிசிடி என்ற வகை. அது ஒரு பிக்சலில் சேர்ந்த மின்னூட்டத்தை ஒருமுறை அளந்ததோடு கொட்டிவிடாது. திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுக்கும். நூறு முறை அளந்தால் இரைச்சல் பத்தில் ஒன்றாகும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் வடிவமைத்த சில்லில் அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தின் சென்சேய் குழு ஒவ்வொரு பிக்சலையும் 4,000 முறை அளந்து, இரைச்சலை 0.068 எலக்ட்ரானுக்கு இறக்கிய செய்தி 2017இல் வெளியானது. ஒன்றா, இரண்டா, ஒன்றுமே இல்லையா என்று ஐயமின்றிச் சொல்ல முடிந்தது. எனக்கு இது இத்துறையின் மிக அழகான சாதனைகளில் ஒன்று: புதிய பொருள் எதுவும் தேவைப்படவில்லை, பொறுமையே தேவைப்பட்டது.

ஆனால் எலக்ட்ரானை விடுவிப்பது கரும்பொருள் மட்டுமல்ல. வெப்பமும் விடுவிக்கும், அதனால் சில்லைச் சுமார் மைனஸ் 140 டிகிரி செல்சியஸுக்குக் குளிரூட்டுகிறார்கள். காஸ்மிக் கதிரும் விடுவிக்கும். அதனால் நிலத்தடிக்கு இறக்குகிறார்கள். ஃபெர்மிலாபில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 2 கிராம் எடையுள்ள சில்லை வைத்து எடுத்த தரவு 2020இல் வெளிவந்தது. மூன்று எலக்ட்ரான் கொண்ட நிகழ்வு ஒன்றுகூட இல்லை. ஒற்றை எலக்ட்ரான்களோ ஏராளம். சுற்றிலும் கவசத்தைக் கூட்டிப் பார்த்தார்கள், அவை குறைந்தன. கரும்பொருளைக் கவசம் தடுத்திருக்க வழியில்லை. ஆகவே அவற்றில் பெரும்பகுதி சுற்றுப்புறக் கதிர்வீச்சின் வேலை.

அதனால் தேடல் இன்னும் ஆழத்துக்கு இறங்கியது. சென்சேய் இப்போது கனடாவின் சட்பரியில் ஒரு நிக்கல் சுரங்கத்துக்குள், 2 கிலோமீட்டர் ஆழத்திலுள்ள ஸ்னோலாப் ஆய்வகத்தில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைக்கடியில் பிரான்சின் மோடான் ஆய்வகத்தில் டாமிக்-எம் குழு இதே வகைச் சில்லுகளை அடுக்கிவருகிறது. அடுத்து 10 கிலோ சிலிக்கானோடு ஆஸ்குரா என்ற கருவியை அமைக்கத் திட்டமிடுகிறார்கள்.